நீலம், பச்சை, ஆரஞ்சு

நாலேகாலுக்கு பாகலூர் சாலையில்
வேன் நிற்காது, வேகம் மட்டும் குறையும்.
பத்து கிரேட்.
இறங்குவதற்குள் எண்ணிவிட வேண்டும்.
நான் ஏஜென்சி எடுத்த வருடம் மூன்றே கிரேட்,
மூன்றும் நீலம்.

இந்த லேஅவுட்டில் யார் வீட்டில் எவ்வளவு வருகிறதென்று
வருமான வரிக்காரருக்கு ஒரு கணக்கு இருக்கும்,
என்னிடம் வேறு.
நீலமென்றால் வாடகை வீடு, பாக்கி ஐந்தாம் தேதி.
பச்சையென்றால் சொந்த வீடு,
பாங்க்காரன் விட்ட பாக்கியில் குடித்தனம்.
ஆரஞ்சென்றால் லிஃப்ட் உண்டு, நாய் உண்டு,
நான் ஆள் இல்லை,
கதவுக் கைப்பிடியில் விடியும் ஒரு பை.

முதல் தெருவில் முன்பெல்லாம்
தெலுங்கில் திட்டிக்கொள்வோம்,
கன்னடத்தில் விலை பேசுவோம்,
தாலுகா ஆபீசுக்கு மட்டும் தமிழில் எழுதுவோம்.
இப்போது பதினாலாம் நம்பரில் கோரக்பூர்,
பதினாறில் சங்கரன்கோவில்,
அதற்கு மேல்மாடியில் கட்டாக் பையன்கள் ஆறு பேர்,
ஷிஃப்ட் மாற்றி மூன்று பாயில் தூங்குகிறார்கள்.
ஆறு பேருக்கு அரை லிட்டர்.
பேர் கேட்டால் சிரிக்கிறார்கள்.
நோட்டில் 'மாடி' என்று எழுதியிருக்கிறேன்.

செல்போன் கம்பெனி விடுதியில்
பஸ் இறக்கிவிட்ட கண்களோடு
சுசானா டுடு நிற்பாள், ஊர் தும்கா பக்கம்.
தமிழ் எட்டு மாதத்தில் வந்துவிட்டது.
"அக்கா, இன்னிக்கு ஆரஞ்சு ஒண்ணு."
என்னடி விசேஷம்?
தம்பி பைக்குக்கு முன்பணம் கட்டிவிட்டாளாம்.
ரூம் முழுக்க பாயசம்,
பத்து மணிக்கு எல்லோரும் தூக்கம்.

அபார்ட்மென்ட் கேட்டில் என் கொழுந்தன் முனிராஜப்பா.
ஒன்றரை ஏக்கரை விற்று இன்னோவா வாங்கி,
இன்னோவாவை விற்று மகள் கல்யாணம் முடித்து,
அதே ஒன்றரை ஏக்கருக்கு இப்போது காவல்.
சட்டம் என்றால் சட்டம் அவருக்கு,
ரிஜிஸ்டரை என்னிடமும் நீட்டுவார்.
பெயர்: மஞ்சுளா.
காரணம்: பால்.
யாரைப் பார்க்க: எல்லோரையும்.

வருத்தமா என்று கேட்காதீர்கள்.
அங்கே கேழ்வரகு விளைந்த காலத்தில்
களை எடுத்த கைக்கு யாரும் கூலி கொடுக்கவில்லை,
வீட்டு மருமகள் என்றார்கள்.
இப்போது பாக்கெட்டுக்கு இவ்வளவு என்று
பைசா சுத்தமாக வருகிறது.

பி பிளாக் எழுநூற்றிரண்டு.
பொங்கல்வரை இரண்டு லிட்டர் ஆரஞ்சு.
மாசியில் ஒன்று.
சித்திரையில் பச்சை.
இன்று பைக்குள் ஒரு சீட்டு:
'நாளை முதல் நீலம், அரை போதும்.'
எழுத்து அழகாக இருந்தது.
லேப்டாப் பையோடு ஆறரைக்கே எலக்ட்ரானிக் சிட்டிக்கு ஓடுகிறவர்
இப்போது ஐந்து மணிக்கே
பால்கனியில் விளக்கைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

எதிர் வீட்டுக் கைப்பிடியில் மூன்று ஆரஞ்சு.
மறுநாள் எழுநூற்றிரண்டின் பை வாயை
இரண்டு முடிச்சாகப் போட்டேன்.
நிறம் வெளியே தெரியாது.

கண்ணாடி பாட்டிலோடு ஆப் பையன் ஒருவன்
போன வாரத்திலிருந்து வருகிறான்.
லிட்டர் என்ன விலை என்றேன்.
சொன்னான்.
அந்த வீடுகளுக்கு என்னிடம் நிறம் இல்லை.

எங்கள் வீட்டுக்கு எது என்கிறீர்களா?
கிரேட்டின் அடியில் தினம் ஒன்று ஒழுகும்,
அதுதான்.
நேற்று ஆரஞ்சு.
இன்று எதுவும் ஒழுகவில்லை,
கறுப்பு டீ.