கழிவு போக

கடையில் முதல் எடை என்னுடையது.
எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு, காப்பிக்கு முன்னால்
சட்டையைக் கழற்றுவேன், சாவிக்கொத்தையும்.
காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில்
விடிந்தும் விடியாமலும்
இரும்புத் தட்டின்மேல் வெறும் உடம்போடு நிற்பவன்
நான் ஒருவன்தான்.

முப்பது வருடமாக
அடுத்தவர் வீட்டுப் பித்தளையை நிறுத்தவன்.
அண்டா, தூக்குச்சட்டி, சங்கிலி போன ஊஞ்சல் பலகைக் கொக்கி.
ஈயம் பூசியதா, அடியில் மண் அடைத்ததா,
பிடிக்குள் இரும்பாணி ஒளிந்திருக்கிறதா,
பார்த்ததும் சொல்வேன்:
கழிவு அரைக் கிலோ.
மறுத்துப் பேசியிருக்கிறார்கள்.
நான் காதில் வாங்கியதில்லை.

என் காலில் ஏறிய கழிவுதான்
எனக்குத் தெரியவில்லை.
செருப்பு வார் பதிந்த தடம் மதியம்வரை மாறாது.
கட்டைவிரலால் அமுக்கினால்
பணியாரக் குழி.
படுத்தால் மூச்சு முட்டும். இரவுக்கு மூன்று தலையணை.
எக்கோ எடுத்துப் பார்த்து
டாக்டர் ஆக்னஸ் எழுதினார்: காலையில் ஒன்று.
நடுவில் கோடு போட்ட வெள்ளை மாத்திரை.

முதல் வாரத்தில் நாலு கிலோ இறங்கியது.
அவ்வளவும் தண்ணீர்.
வைகாசியில் குழாயடிக்கு அலையும் ஊரில்
நான் ஒரு குடத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறேன்.

பிறகு கீழச்சிவல்பட்டி வேலை வந்தது.
ஒரு வீடு, ஐந்து பங்காளிகள்,
பூட்டிய ஏழு அறைச் சாமானை இரண்டு நாளில் நிறுத்தாக வேண்டும்.
அத்தனை பெரிய வீட்டில்
எனக்கு அவசரமான அந்த ஒரு கதவின் சாவி மட்டும்
சிங்கப்பூரில் இருந்தது.
மாத்திரையைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.
இரண்டு நாளும்.

மூன்றாம் நாள் ராத்திரி, மூச்சு இரைக்க,
விட்டதையும் சேர்த்து மூன்றாக விழுங்கினேன்.
நடுச்சாமத்தில் நாலாவது தடவை எழுந்தபோது
கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது.
சுவர் சாய்ந்தது.
நான் விழுந்தது மணிக் குவியலின்மேல்.
தெருவே விழித்ததாக வள்ளிக்கண்ணு இன்றும் சொல்கிறாள்.

சிக்கந்தர் ரத்தம் எடுத்தான்.
பொட்டாசியம் இரண்டு புள்ளி ஒன்பது என்றார்கள்.
உரசிப் பார்த்தே தாமிரம் எத்தனை பங்கு என்று சொல்கிறவன் நான்.
எனக்குள் இப்படி ஓர் உலோகம் இருந்ததும்
அது சிறுநீரோடு போய்க்கொண்டிருந்ததும்
அறுபத்தோரு வயதில் கேள்விப்படுகிறேன்.

"அண்ணே, இது என்ன வட்டிப் பாக்கியா
மொத்தமாகக் கட்டித் தீர்க்க?"
மருந்துக்கடை அழகுமீனாள் கேட்டாள்.
"விட்டது விட்டதுதான். மறுநாள் அதே ஒன்று.
வெளியூர் போகிற நாளில் நேரத்தை மாற்றலாமா என்று
டாக்டரைக் கேளுங்கள்.
நீங்களாக நிறுத்தாதீர்கள்."
விழுந்த முழங்காலுக்கு வலி மாத்திரை கேட்டேன்.
தரவில்லை.
இதோடு அதையும் போட்டால் கிட்னி தாங்காதாம்.
தைலத்தைத் தள்ளிவிட்டுச் சில்லறையை எண்ணினாள்.

இப்போதெல்லாம் பழைய வீடு பார்க்கப் போனால்
விலை பேசுவதற்கு முன்னால் கேட்கிறேன்:
கொல்லைப்புறச் சாவி யாரிடம்?
படுக்கையிலிருந்து எழும்போது
விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து
தலை வந்து சேரட்டும் என்று காத்திருக்கிறேன்.

பித்தளைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்
என் கணக்கு ஓடுகிறது.
திங்கள் அறுபத்தெட்டு இருநூறு.
செவ்வாய், மச்சினன் மகள் கல்யாணம்.
உப்புக்கண்டம் இரண்டே துண்டு என்று
வள்ளிக்கண்ணுவிடம் சொல்லியிருக்கிறேன்.
இன்று வியாழன்.
எழுபது முந்நூறு.

இறங்கி, தட்டைத் துடைத்து,
சைபர் காட்டுகிறதா என்று பார்த்து மறுபடி ஏறினேன்.
எழுபது முந்நூறு.
"உன் தராசு பொய் சொல்கிறது"
என்று இந்த வாசலில் நின்று எத்தனை பேர்
என்னைத் திட்டியிருக்கிறார்கள்.
இன்று நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

சட்டையைப் போடாமலே
டாக்டர் நம்பரைத் தேடுகிறேன்.