போதவில்லை

மையால் எழுதினால் ஸ்பிரிட்டில் கரைந்துவிடும்.
அதனால் பென்சில்.
கண்ணாடித் துண்டின் சொரசொரப்பான ஓரத்தில்
ரெல்வி தோலிமான் என்று எழுதி
வயதைக் கேட்கிறேன்.
எரிமலைச் சாம்பல் ரபவுலை மூடிய வருடம்
இரண்டாவது பிள்ளை வயிற்றில்,
நீயே கணக்குப் போட்டுக்கொள் என்கிறாள்.

கொக்கோப்போ சந்தை, மூன்றாம் வரிசை.
பாக்கை ஐந்தைந்தாகக் கூறு வைத்திருக்கிறாள்.
பக்கத்தில் விரல்போல் நீண்ட மிளகுக்கொடிக் காய்,
பவளம் சுட்ட சுண்ணாம்புப் பொட்டலங்கள்.
வாங்குகிறவர்களோடு அவளும் மெல்லுவாள்.
மெல்லாதவளிடம் யார் வாங்குவார்கள்?

வாயைத் திற.
நாக்கை அந்தப் பக்கம் தள்ளு.
வலது கன்னத்தின் உள்ளே
உதடுகள் கூடும் மூலைக்குச் சற்றுப் பின்னால்
வெள்ளையாக ஒரு திட்டு.
துடைத்துப் பார்த்தேன், போகவில்லை.
நடுவே அரிசியளவு சிவப்பு.
முப்பது வருடம்
சுண்ணாம்புக் குச்சி தொட்டுத் தொட்டுத் திரும்பிய இடம்.
வலது கைக்காரி.
குச்சிக்கு வழி தெரியும்.

வலிக்கிறதா?
இல்லை.
எனக்குப் பிடிக்காத பதில் அதுதான்.

சின்னத் தூரிகை. அழுத்திச் சுழற்ற வேண்டும்,
பத்துச் சுற்று,
ஊசிமுனையாய் ரத்தம் பொடிக்கும்வரை.
அப்படித்தான் படித்தேன்.
ஆறாவது சுற்றில் அவள் கண் சுருங்கியது,
என் கை தானாகத் தளர்ந்தது.
வந்ததைக் கண்ணாடியில் தடவி
ஸ்பிரிட்டில் அமிழ்த்தினேன்.
அவள் ஒருநாளும் போகாத மோர்ஸ்பிக்கு
அவள் கன்னம் விமானத்தில் போயிற்று.

மூன்று வாரம் கழித்து ஒரு தாள்.
நல்லது என்று இல்லை, கெட்டது என்றும் இல்லை.
மேற்பரப்புச் செல்கள் மட்டும்.
முடிவு சொல்லப் போதவில்லை. மறுபடி எடுக்கவும்.
கீழே அப்பெலிஸ் என்று கிறுக்கல்.
அவர் நுண்ணோக்கியில் பார்த்திருப்பார்
நடுவில் நீலப் புள்ளி வைத்த ஆரஞ்சு இதழ்களை,
தாமாகவே உதிரக் காத்திருந்த கிழச் செல்களை.
அவர் தேடியது அடியில் இருக்கும்:
நீலம் வீங்கி வீங்கித்
தன் உடம்பையே அடைத்துக்கொண்ட ஒன்று.
இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம்.
நான் அதுவரை போகவில்லை.
நான் சுற்றாத நாலு சுற்றுக்குள்
அவளுடைய மூன்று வாரம்.

சந்தையில் அவள் இடத்தில் வேறொருத்தி
கலிப் கொட்டை விற்கிறாள்.
ரெல்வியா? தீவில் ஒரு கல்யாணம்,
படகு கிடைத்தால் வருவாள்.
படகு கிடைக்கப் பதினோரு நாள் ஆயிற்று.

தாளைப் படித்துச் சொன்னேன்.
கேட்டுவிட்டுச் சிரித்தாள், பல்லெல்லாம் சிவப்பு.
"நீ தடவிக்கொடுத்தாய்.
எனக்கு அப்போதே தெரியும்.
என் பிள்ளைகளின் சிரங்கைத் தேய்த்துக் கழுவும்போது
அழுகை என் காதில் விழுந்ததே இல்லை."

தகரக் குவளையில் துப்பினாள்.
தண்ணீர் வெளுக்கும்வரை கொப்பளித்தாள்,
ஐந்து தடவை.
கவிழ்த்த வாளியில் உட்கார்ந்து
நான் சொல்லுமுன் வாயைத் திறந்து
விரலால் காட்டினாள்: எண்ணு, உரக்க.

எண்ணினேன்.
ஆறில் கண் சுருங்கியது.
ஏழு.
எட்டில் பொடித்தது ரத்தம்.
ஒன்பது, பத்து.

பெயரை எழுதி, பக்கத்தில் இரண்டு என்று போடும்போது
பென்சில் முனை ஒடிந்துவிட்டது.
கொடு என்று வாங்கி
பாக்கு உரிக்கும் பல்லாலேயே கடித்துச் சீவித் தந்தாள்.
மரத்தில் கொஞ்சம் சிவப்பு.
அவளுடையதா, பாக்கினுடையதா,
தெரியவில்லை.