பதினோராம் பத்தி

செய்தியை வாலிலிருந்து வெட்டு,
முதல் வாரமே சொல்லித்தந்தார்கள்.
தலை தப்பும். வால் போனால் எவரும் தேடமாட்டார்கள்.
டண்டீயில், டே ஆற்றைப் பார்த்த மூன்றாம் மாடியில்
பத்தொன்பது வருடமாக
வால்களை வெட்டிக்கொண்டிருக்கிறேன்.

அன்று செவ்வாய். இரவு ஒன்பது நாற்பது.
நகரமன்றக் கூட்டத்திலிருந்து ஃபின்லே
தொள்ளாயிரம் சொற்களோடு வந்தான்,
காதோரம் இன்னும் மழை சொட்ட.
இடம் இருந்ததோ இருநூற்று இருபதுக்கு.
மிச்சத்தில் ஒரு சோபா விளம்பரம்.

விஷயம் இதுதான்.
நகரமன்ற நீச்சல்குளத்தில் வியாழன் மாலை
பெண்களுக்கென்று ஒரு மணி நேரம்.
பெண்கள் என்றால் யார் யார்?

செங்கா டாய்க் எழுந்தாள்.
அடிபட்டு வருகிற பெண்களுக்கு
இருபத்திரண்டு வருடமாகக் கதவு திறக்கிறவள்.
"என் வீட்டில் சிலர் இருக்கிறார்கள்,
கனத்த காலடி கேட்டாலே
குளியலறைத் தாழ்ப்பாளைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.
அவர்களுக்கு இந்த ஒரு மணி நேரம்தான் தண்ணீர்."
பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.
ஃபின்லேயின் ஒலிப்பதிவில் பதினான்கு விநாடி
துணி உரசும் சத்தம்.
பதினான்கு விநாடியை எப்படி அச்சிடுவது?

கிர்ஸ்டின் லாக்கி எழுந்தாள்.
பேருந்து ஓட்டுகிறவள். சீருடையிலேயே வந்திருந்தாள்.
அவள் விட்டுவிட்டு வந்த பழைய பெயரைப்
பின்வரிசையிலிருந்து யாரோ உரக்கச் சொன்னார்கள்.
(அதை நாங்கள் போடவில்லை. அதற்காகப் பாராட்டு வேண்டாம்.)
"நான்கு வருடமாக வருகிறேன்.
ஆழமில்லாத முனையில் இறங்குவேன்.
முப்பது சுற்று. பிறகு வீடு.
நான் ஒரு கேள்வி என்பதை
இந்த மாதம்தான் பேப்பரில் படித்தேன்."

அவர்கள் ஒத்துப்போகவில்லை.
அதில் சர்க்கரை போட நான் வரவில்லை.
ஒருத்தி மற்றவளைப் பார்த்துக்கூடப் பேசவில்லை,
இருவரும் தலைவரின் மேசையைப் பார்த்தே பேசினார்கள்.
ஆனால் இருவருமே குரல் உயர்த்தவில்லை.
கத்தியது பின்வரிசை. பாதிப்பேர்
அந்தக் குளத்தில் கால் நனைக்காதவர்கள்.
புகைப்படக்காரர் கொண்டுவந்ததில்
நன்றாக விழுந்திருந்தது ஒரு திறந்த வாய்.
பற்களை எண்ணலாம்.

நான் தலைப்பு வைத்தேன்:
மோதல்.
மூன்றெழுத்து. பக்கத்தின் முழு அகலம்.

பிறகு கத்தரி.
பன்னிரண்டாம் பத்தி போனது, அது ஏதோ நன்றியுரை.
பதினொன்று போனது.
பத்து, ஒன்பது, எட்டு.
செங்காவுக்கு ஐந்து சொல் மிஞ்சியது, கிர்ஸ்டினுக்கு நான்கு.
சோபாவுக்கு ஒரு குறையும் வரவில்லை.

மறுநாள் இருநூற்று ஆறு தொலைபேசி.
இந்தப் பக்கத்தார் எங்களை அந்தப் பக்கத்துப் பேப்பர் என்றார்கள்,
அந்தப் பக்கத்தார் இந்தப் பக்கத்துப் பேப்பர் என்றார்கள்.
ஆசிரியர் அதற்குச் சமநிலை என்று பெயர் வைத்து
கேக் வாங்கிவரச் சொன்னார்.

இருநூற்று ஏழாவதாகச் செங்கா.
திட்டுவாள் என்று பேனாவைக் கீழே வைத்தேன்.
"கொதிகலன் விஷயத்தை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்றாள்.
பதினோராம் பத்தி:
கொதிகலன் பழுது, நிதி இல்லை,
ஏப்ரலிலிருந்து வியாழன் மாலை
எவருக்கும் குளம் கிடையாது.
"இடம் இல்லை" என்றேன்.
"ஆமாம்," என்றாள், "இரவில் கதவு தட்டுகிறவர்களிடம்
நானும் அதைத்தான் சொல்கிறேன்."
வைத்துவிட்டாள்.

மே மாதம் ஒருநாள் தாமதமாக எழுந்து
ஓடிப்போய் ஏறிய பேருந்தில்
ஓட்டுநர் இருக்கையில் கிர்ஸ்டின்.
அவளுக்கு என்னைத் தெரியாது.
தலைப்புக்குக் கீழே எங்கள் பெயரைப் போடுவதில்லை.
"பிடித்துக்கொள்ளுங்கள், வளைவு வருகிறது" என்றாள்,
எனக்கென்று இல்லை, எல்லோருக்கும்.
பக்கக் கண்ணாடியில் அவள் கண்கள்
சாலையை மட்டும் பார்த்தன.
நான் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.
என் நிறுத்தம் வந்து, போயும்விட்டது.