மேல்வீட்டுத் துண்டு

விடிந்ததும் சீலோவாம் குளத்துக்கு
ஒரே ஒரு துண்டோடு வந்தேன்.
மேல்வீட்டில் நேற்று விருந்து.
எந்த வேலைக்காரனோ இதில் போய்
கால் துடைத்திருக்கிறான் என்று எரிச்சல்.

"இடுப்பில் கட்டிக் குனிந்தவர்
போதகரேதான், ஓக்லாள்" என்றான்
தண்ணீர் சுமக்கிறவன்.

விரித்துப் பார்த்தேன்.
கலிலேயாக் கரிசல். மீன்செதில் ஒன்று.
ஓரத்தில் சுண்ணாம்புத் தூசி,
ஆசாரியர் தெருவைத் தவிர
வேறெங்கும் ஒட்டாத வெள்ளை.
விலை பேசிவிட்டு வந்த கால்.
அதையும்
விரலிடுக்கு விடாமல்
அழுத்தித் துடைத்திருக்கிறார்.

அடித்துத் துவைக்கக் கை எழவில்லை.
அலசிப் பிழிந்து மதில்மேல் போட்டேன்.
ஆளுநர் மாளிகைப் பக்கம் ஒரே கூச்சல்.

உச்சிப்பொழுதில் இருட்டிக்கொண்டு வந்தது.
தொட்டுப் பார்த்தேன்.
துண்டு காயவேயில்லை.