செங்கல்லில் ஒரு நாய்

கலோவில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது
நால்வருக்கும் பூட்ஸ் இருந்தது, குடை ஒன்றுதான்.
அதுவும் தூராவின் அம்மா பையில் திணித்தது.
மூன்று நாள் நடை, இன்லே ஏரி வரை.
மழை இராது என்று சொன்னவன் நான் என்பதை
இன்றுவரை ஒருவரும் மறக்கவில்லை.

வழிகாட்ட வந்தவள் நாங் முயா.
பா-ஓ பெண், பத்தொன்பது வயது, காலில் ரப்பர் செருப்பு.
எங்கள் பூட்ஸைப் பார்த்துச் சிரிக்காமலிருக்க
ரொம்பப் பாடுபட்டாள்.
பைன் மரங்கள் முடிந்து இஞ்சிக்காடு வந்தது,
அதற்கப்புறம் சிவப்புச் சேறு,
சேறு,
மேலும் கொஞ்சம் சேறு.

மதியத்துக்குள் அருளப்பன்
தன் முழங்காலோடு பேச ஆரம்பித்துவிட்டான்.
கேட்காத மாதிரி நடந்தோம்.

கொஞ்ச தூரம் ரயில் பாதை மேலேயே வழி.
ஒரு கட்டை மிதித்தால் அடி குட்டை,
ஒரு கட்டை தாண்டினால் அடி நெட்டை.
"போட்டவன் நம்மாளாத்தான் இருப்பான்,
நம்ம காலுக்கு அளவெடுக்காமப் போட்டிருக்கான் பாரு"
என்றான் அருளப்பன்.
சிரித்தோம். பிறகு சற்று நேரம்
கட்டைகளை எண்ணுகிறவர்கள் போல
குனிந்தே நடந்தோம்.

இரண்டாம் நாள் சாயங்காலம்
மிளகாய் காயும் ஓர் ஊரின் வாசலில்
எருமைமேல் இருந்த பையன்கள் கத்தினார்கள்:
"கலா! கலா!"

அந்தச் சொல் எங்களுக்குத் தெரியும்.
மோல்மீன் பள்ளிக்கூடத்தில், சந்தையில்,
ரேஷன் வரிசையில் முதுகுக்குப் பின்னால் கேட்டது.
கேட்டால் காதுமடல் மட்டும் சுடும்,
முகம் பழகிவிட்டது.

கலாவல்லி நின்றாள். கையை உயர்த்தினாள்.
"ஆமாம், கலாதான்" என்றாள் பர்மியத்தில்.
"என் பேரு உங்களுக்கு யார் சொன்னது?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.
எருமை மட்டும் நகர்ந்தது.
தூரா குனிந்து
ஏற்கெனவே கட்டியிருந்த பூட்ஸ் கயிற்றை
இன்னொரு முறை கட்டினான்.
வெகு நேரம் கட்டினான்.

அன்று இரவு நாங்கள் தங்கிய மூங்கில் வீட்டில்
அடுப்புப் புகைக்கு அந்தப் பக்கம்
அவர்களில் சின்னவன் வந்து நின்றான்.
கையில் சுட்ட சோளம் ஒன்று.
"மா கலா" என்றான். கலா அக்கா.
ஊருக்கே அவள் பெயர் தெரிந்திருந்தது.
சோளத்தை ஐந்தாக ஒடித்தாள் வல்லி,
அருளப்பனுக்குக் காம்பு.

ஏரிக்கு இறங்கும் முன் ஒரு சாவடி.
வெளிநாட்டாருக்குக் கட்டணம் உண்டு.
குமாஸ்தா எங்களை எண்ணினார்:
தூராவையும் முயாவையும் ஒரு பக்கம்,
எங்கள் மூவரை ஒரு பக்கம்.
அட்டைகளை எடுத்துக் கொடுத்தோம்.
அவர் திருப்பித் திருப்பிப் பார்த்த நேரத்தில்
முயா ஒரு பை சூரியகாந்தி விதையை
முழுதாக உரித்துத் தின்று முடித்தாள்.

இண்டெய்னில் கோபுரங்கள் நூற்றுக்கணக்கில்.
சிலவற்றுக்குப் புதுத் தங்கப் பூச்சு,
சிலவற்றை ஆலவேர் கட்டிப் பிடித்திருந்தது.
விட்டால் இரண்டும் விழும்.
பூட்ஸைக் கழற்றியதும்
நான்கு ஜோடிக் கால்களின் கொப்புளங்களும் வெளியே வந்தன.
தலையில்லாத புத்தர் முன் தூரா மண்டியிட்டான்.
கும்பிடுவதா வேண்டாமா என்று யோசித்த அருளப்பன்
முழங்காலைத் தடவிக்கொண்டு உட்கார்ந்தான்,
அதுவே கும்பிடு போலத்தான் இருந்தது.

சரிந்து கிடந்த செங்கற்களில் ஒன்றைக் காட்டினாள் வல்லி.
ஈரத்தில் யாரோ காயப்போட்டிருக்க
ஒரு நாய் மேலே நடந்து போயிருக்கிறது.
நான்கு விரல், ஒரு மெத்து, நகம் குத்திய புள்ளிகள்.
யாராவது ஓடி வந்து விரட்டியிருப்பார்கள்.
எந்த மொழியில் என்று யோசித்தேன்.
நாய்க்கு என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டார்களோ,
எந்த ஊர் நாய் என்று கேட்டார்களோ.

தூரா தன் விரல்களை அந்தக் குழிகளில் வைத்துப் பார்த்தான்.
அருளப்பனும். நானும்.
யாருக்கும் பொருந்தவில்லை.

பிறகு மழை வந்தது.
குடை ஒன்றுதான்.
செங்கல்லின் மேல் அதைப் பிடித்தபடி
"நாய் நனையுதுல்ல" என்றாள் வல்லி.