முப்பத்தெட்டு கிலோ

தராசில் வைத்துப் பார்த்துத்தான் வாங்கினேன்:
முப்பத்தெட்டு கிலோ இருநூறு, கார்புரேட்டர் நீங்கலாக.
யாரோ ஒருவரின் பனிவண்டியில்
பத்துக் குளிர்காலம் மாடாய் உழைத்த இரட்டை சிலிண்டர்.
இனி என் முதுகுக்கு ஒரு முழம் பின்னால் உட்காரும்.
அதன் பின்னால் விசிறி,
விசிறியின் பின்னால் வால்.
இஞ்சின் இரண்டு விரற்கடை சரிந்தால் போதும்,
விசிறி வாலைத் தின்றுவிடும்.
அப்புறம் தலைக்குமேல் சுழலும் நீள இறக்கைகளிடம்
கெஞ்சிப் பயனில்லை.

லாபுவாவுக்கு வடக்கே, உருளைக்கிழங்குக் கிடங்கு.
பிப்ரவரி. கதவுக்கு வெளியே மைனஸ் இருபத்திரண்டு,
உள்ளே மைனஸ் ஒன்பது. அதையும் வெப்பம் என்கிறோம்.
தார்மோ வந்தான்.
நாங்கள் பிரிந்து ஆறு வருடம்.
பாகப்பிரிவினையில் நாய் அவனுக்கு,
ஆர்கான் வெல்டிங் பெட்டி எனக்கு.
அதனால்
நாயைக் கொஞ்ச நான் அவன் வீட்டுக்குப் போகிறேன்,
எதையாவது ஒட்ட அவன் இங்கே வருகிறான்.

முதல் சட்டத்தை நான் தனியாகச் செய்திருந்தேன்.
கனத்த சதுரக் குழாய், மூலைக்கு மூலை வெல்டு,
ரப்பர் கிப்பர் ஒன்றும் கிடையாது.
அசையக் கூடாது, அவ்வளவுதானே?
கைரோவைக் கான்கிரீட் தூணில் சங்கிலி போட்டுக் கட்டி
ஐந்து ஞாயிறுகளில் பதினோரு மணி நேரம் ஓட்டினேன்.
பெஞ்சின் மேலிருந்த காப்பிக் கோப்பை
தானாக நடந்து போய் விழுந்தது.
பல்லுக்குள் ஈ புகுந்தாற்போல் ஒரு ரீங்காரம்.
இஞ்சின் விடாக்கண்டன், என் சட்டம் கொடாக்கண்டன்.

சிவப்புச் சாயம் அடித்துத் துடைத்து
வெள்ளைப் பொடி தெளித்துக் காத்திருந்தோம்.
மேல் இடது மூலையில்
மயிரிழை மாதிரி ஒரு சிவப்பு
மெல்லத் தன்னை எழுதிக்கொண்டு வந்தது.
நான் போட்டதிலேயே அழகான வெல்டு அது,
செதில் செதிலாக. போட்டோ கூட எடுத்து வைத்திருந்தேன்.
தார்மோ ஒன்றும் சொல்லவில்லை.
அவன் ஒன்றும் சொல்லாமலிருப்பதைப் பற்றி
எங்களுக்குள் பழைய சண்டை ஒன்று உண்டு.
அன்று அதைப் போடவில்லை.

இரண்டாவது: மெல்லிய உருண்டைக் குழாய்,
முக்கோணம் முக்கோணமாக,
கம்பத்திலிருந்து நான்கு கால்,
காலின் முனைக்கொரு ரப்பர்.
மூலைத் தகடுகளின் நுனியை உருட்டித் தேய்த்தேன்.
கூர்மூலை இருந்தால் விரிசல் அங்கேதான் குடிவரும்.
ஓட்டினோம். அதே நடுக்கம்.
கோப்பை திரும்பவும் நடந்தது.
எனக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகள் தீர்ந்தபின்
தார்மோ ஒரு ரப்பரைக் கழற்றி நகத்தால் அழுத்தினான்.
குளிரில் எலும்பாகியிருந்தது.

நான்கையும் சாவ்னா அறையின் கீழ்ப்படியில் வைத்துவிட்டு
நாங்கள் மேல்படியில் உட்கார்ந்தோம்,
ஆறு வருடத்தில் முதல் தடவை.
ரப்பரைப் பற்றி மட்டும் பேசினோம்.

சூடு ஆறுமுன் மாட்டி முடுக்கினோம்.
ஆயிரத்து எண்ணூறில்
ஈ ஓட்டும் பசு போல உடம்பை உதறியது.
மூவாயிரம் தாண்டியதும் அடங்கியது.
கோப்பை இருந்த இடத்தில் இருந்தது,
காப்பியில் மட்டும் வட்டங்கள்.

"ரப்பர் கிழிந்தால்?" என்றான்.
ரப்பரைவிட அகலமான வாஷர். போல்ட் உருவிக்கொண்டு வராது.
"வாஷர் போனால்?"
இஞ்சினிலிருந்து கம்பத்துக்கு எஃகு வடம்.
"வடம் போனால்?"
காப்பியை ஊற்றி அவன் கையில் கொடுத்தேன்.

இப்போது ஏப்ரல். ஆற்றில் பனி உடைகிறது.
முப்பத்தோரு மணி நேரம் ஓடியாயிற்று,
தரையிலேயே, சங்கிலியிலேயே.
ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை சாயம், துணி, பொடி.
வெள்ளை.
நேற்றும் வெள்ளை.
இருந்தும் ஒரு நிமிடம் கூடுதலாகப் பார்க்கிறேன்.

முதல் சட்டம் கதவருகே சுவரில் தொங்குகிறது.
தார்மோ வந்தால் அதில்தான் தொப்பியை மாட்டுகிறான்.
தொப்பியைத் தாங்கும்.