இருபதாவது வண்டி

முள்ளோடை எல்லையில், பெட்ரோல் பங்கின் மதிலோரம்
ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு தண்ணீர் பாட்டில்,
கிளிப் அட்டையில் மாட்டிய படிவம்.
காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை
என் கண்ணுக்குக் கூலி அறுநூறு.

நாலு கோடு கிழித்து ஐந்தாவதைக் குறுக்கே போட்டால்
ஒரு கட்டு.
இருசக்கரத்துக்கு ஒரு கட்டம், காருக்கு ஒன்று,
ஆட்டோ, பேருந்து, சின்ன சரக்கு, பெரிய சரக்கு.
ஓரத்தில், விரல் அகலம்கூட இல்லாமல்
மற்றவை.

பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
நீங்கள் போடும் கோடு தில்லிக்குப் போகும்,
அங்கே டன் கணக்கில் கரியாகும்,
பிறகு கொள்கையாகும்,
இந்த வருடத்துக்குள் இவ்வளவு குறைப்போம் என்று
உலகத்துக்குக் கொடுத்த வாக்காகும்.
நான் கடைசி வரிசை.
மின்விசிறி இரைச்சலில்
எந்த வருடம் என்பது காதில் விழவில்லை.

எட்டரை மணிக்குப் படியில் தொங்கத் தொங்க
ஒரு கடலூர் பஸ்.
எழுபது பேர் இருக்கும். ஒரு கோடு.
பின்னாலேயே கண்ணாடி ஏற்றிய பெரிய கார்,
உள்ளே ஒருத்தர்.
அதுவும் ஒரு கோடு.
எண்ணத்தான் கூலி,
எண்ணிப் பார்க்க இல்லை.

ஒவ்வொரு இருபதாவது வண்டியையும் நிறுத்தி
மூன்று கேள்வி கேட்க வேண்டும்.
எங்கிருந்து? மஞ்சக்குப்பம்.
பெயர் தேவநாதன் என்று கேட்காமலே சொன்னார்.
எங்கே?
"இதோ, இங்கதான்."
எதற்கு?
"பெட்ரோல் போட."
"போட்டுட்டு?"
"வீட்டுக்கு."

வேலை இருக்கிறது படிவத்தில், பள்ளிக்கூடம் இருக்கிறது,
ஆஸ்பத்திரி, கோயில், கல்யாணம்கூட இருக்கிறது.
பெட்ரோலுக்காகப் பெட்ரோல் எரித்து வந்ததை
எங்கே குறிப்பது?
"டேங்கு ரொப்பினா நாப்பது ரூபா மிச்சம்மா,
அங்க வரி ஜாஸ்தி."
பெண்ணையாற்றுப் பாலம் தாண்டி
வந்துபோக முப்பத்தைந்து ஆகியிருக்கும்.
மீதி ஐந்து.
அதை அவர் எதிர்க்கடையில் டீயாகக் குடித்தார்,
பத்து ரூபாய்க்கு.
திரும்பும்போது
சாலைக்கு அந்தப் பக்கம் ஜெனோவா
அவரை இன்னொரு கோடாகப் போட்டாள்.

ஷேர் ஆட்டோவில் ஒரு அம்மா
தலையை வெளியே நீட்டி என்னைக் கேட்டாள்:
"கடலூருக்கும் பாண்டிக்கும் ரயில் உடத்தான
இதெல்லாம் எழுதுறீங்க?"
தெரியாதும்மா என்றேன்.
"எழுதிக்க. நான் ஒருத்தி ஏறுவேன்னு எழுதிக்க."
ஆட்டோ நகர்ந்துவிட்டது.
படிவத்தின் பின்பக்கம் வெள்ளையாக இருந்தது, எழுதினேன்:
ஒருத்தி ஏறுவாள்.
மேற்பார்வையாளர் வந்து பார்த்து
அதன்மேல் வெள்ளை மை தடவினார்.

பதினொரு மணிக்கு மேல் தார் மணத்தது.
ஐஸ் பெட்டி கட்டிய மீன்காரரின் சைக்கிள்,
கையால் மிதிக்கும் மூன்று சக்கரத்தில் ஒரு லாட்டரி முகம்,
சீருடை மேல் துப்பட்டா பறக்க
அரசு சைக்கிளில் இரண்டு பிள்ளைகள்.
இந்தச் சாலையில் துளி கரி விடாமல் போனவர்கள் எல்லாரும்
விரல் அகலத்துக்குள் நெருக்கி உட்கார்ந்தார்கள்.
நடந்து போனவர்களுக்கு
அதுவும் இல்லை.

இரண்டு மணி. அந்துவான் வந்து நாற்காலியை வாங்கிக்கொண்டான்.
என் ஸ்கூட்டியின் முள் சிவப்பைத் தொட்டிருந்தது.
வந்ததோடு வந்ததாக
பங்குக்குள் விட்டேன். முழு டேங்க்.

வெளியே வரும்போது கை காட்டி நிறுத்தினான்,
சிரிப்பை அடக்கிக்கொண்டு:
"அக்கா, நீங்கதான் இருபது.
எதுக்கு வந்தீங்க?"

"வேலைன்னு போடு" என்றேன்,
மூடியை இன்னும் திருகிக்கொண்டே.